தொண்டை வலியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால்: வீடா, மெடிக்கலா, ஆரம்ப சுகாதார நிலையமா, கிளினிக்கா?

தொண்டை வலி மட்டும் என்றால் யாரும் பெரிதாகக் குழம்புவதில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம், மிளகுப் பால் குடிப்போம், இரண்டு நாள் பார்ப்போம். வயிற்றுப்போக்கு மட்டும் என்றாலும் கை தானாக மோருக்கும் கஞ்சிக்கும் போய்விடும். இரண்டும் ஒன்றாக வந்து நின்றால்தான் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "மோர் குடுக்காதே, தொண்டை இன்னும் கட்டிக்கும்" என்பார் பாட்டி. "ஒரு ஊசி போட்டுட்டு வந்துடு, நாளைக்கு ஷிஃப்ட் இருக்குல்ல" என்பார் அண்ணன். குழந்தைக்கு என்றால் பக்கத்து வீட்டு அக்கா கேட்கும் முதல் கேள்வி, "தொக்கம் எடுத்தீங்களா?"

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருப்பவருக்கு முன்னால் நடைமுறையில் உள்ள வழிகள் இவ்வளவுதான்: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது, மெடிக்கலில் மாத்திரை வாங்குவது, தொக்கம் (வயிற்றில் சிக்கியதாக நம்பும் சாப்பாட்டை வெளியே எடுக்கும் நாட்டு வழக்கம்) எடுக்கப் போவது, ஆரம்ப சுகாதார நிலையம், தனியார் கிளினிக், கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரி. எது எப்போது சரி என்று ஒப்பிடுவதற்கு முன், வந்திருப்பது என்னவாக இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

## என்னவாக இருக்கும்?

பெரும்பாலும் வைரஸ். ஒரே வைரஸ் தொண்டையையும் குடலையும் சேர்த்துப் பிடிக்கும். அடினோவைரஸும் என்டரோவைரஸும் இதில் பேர்போனவை, குழந்தைகளிடம் அதிகம். கொரோனாவிலும் இரண்டும் சேர்ந்து வரும். இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் வாந்தியும் பேதியும் கூடுதல். இவை எதிலும் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே கிடையாது. வயிறு இரண்டு மூன்று நாளில், சில சமயம் ஒரு வாரத்தில் அடங்கும். தொண்டையும் ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும்.

எல்லோரும் பயப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு. பயத்தில் நியாயம் இருக்கிறது; அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். ஆனால் அதன் அடையாளங்கள் வேறு. திடீர்க் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறி, இருமலோ மூக்கொழுகலோ இல்லாமை. குழந்தைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் அதில் வரலாம். பேதி அவ்வளவாக வராது. மூக்கும் ஒழுகி, குரலும் கம்மி, பேதியும் போனால் தராசு வைரஸ் பக்கம்தான் சாய்கிறது. இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது: வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் வகை மருந்தை ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஆகவே ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதால் எதையும் இழந்துவிடுவதில்லை.

எது முதலில் வந்தது என்பதையும் யோசியுங்கள். நிறைய வாந்தி எடுத்த பிறகு தொண்டை எரிந்தால், அது வயிற்று அமிலம் சுட்ட எரிச்சல். தொண்டைக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்த மறுநாள் பேதி தொடங்கினால், சந்தேகப்பட வேண்டியது மாத்திரையை. அமாக்சிசிலின்-கிளாவுலனிக் அமிலம், அசித்ரோமைசின் இரண்டுமே அப்படிச் செய்யும்.

டைபாய்டு, டெங்கு இரண்டையும் மனதில் ஒரு ஓரமாக வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறினால் முதலாவது. கடும் உடல்வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் இரண்டாவது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் மற்ற எதுவும் பொருந்தாது. மூட்டு வாதத்துக்கோ சோரியாசிசுக்கோ வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள், தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள். மெத்தோட்ரெக்சேட் உடலில் மிஞ்சிப் போனால் வாய்ப்புண், தொண்டை வலி, பேதி மூன்றும் சேர்ந்தே வரும். கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலி வந்தால், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இவர்கள் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் வயிற்றில் என்ன வந்தாலும் "ஃபுளோரைடு தண்ணி" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அந்த ஃபுளோரைடுக்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு பல வருடம் உள்ளே போய்ப் பல்லையும் எலும்பையும் கெடுப்பது. நேற்று நன்றாக இருந்தவருக்கு இன்று பேதி என்றால் காரணம் கிருமி. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆர்.ஓ. தண்ணீரில் ஃபுளோரைடு குறையும், ஆனால் கழுவாத கேனில் பிடித்து வைத்தால் கிருமி திரும்ப வந்துவிடும். இரண்டும் இரண்டு வேறு பிரச்சினைகள்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல் நீரிழப்பு. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். இந்த இரண்டும் சேர்ந்து வருவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான்: கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, மேலே விழுங்க வலிப்பதால் யாரும் குடிப்பதில்லை. பெரியவர்களே "எச்சில் முழுங்க முடியல" என்று டம்ளரை ஒதுக்குவார்கள், குழந்தை வாயையே திறக்காது. தொண்டை வலியில் யாரும் சுருண்டு விழுவதில்லை. தண்ணீர் குறைந்துதான் விழுகிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், "இது தண்ணீரை உள்ளே அனுப்புகிறதா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, யாருக்கு வந்திருக்கிறது. திடகாத்திரமான முப்பது வயதுக்காரர் வேறு. ஒரு வயதுக் குழந்தை, கர்ப்பிணி, அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது கிட்னிப் பிரச்சினை உள்ளவர் வேறு.

மூன்றாவது, எத்தனையாவது நாள், காய்ச்சல் எப்படி.

நான்காவது பணம். இதில் ஃபீஸ் மட்டும் கணக்கில்லை. போகிற பஸ், இழக்கிற கூலி, கூட வருகிறவரின் கூலி எல்லாம் சேரும். சித்தேரியிலோ வத்தல்மலையிலோ அஞ்செட்டிக்கு உள்ளே இருக்கும் ஊர்களிலோ இருப்பவருக்கு மருத்துவர் ஃபீஸைவிடப் போய்வருவதுதான் பெரிய செலவு.

ஐந்தாவது, அந்த வழியால் பிறகு வரும் கெடுதல். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

| வழி | தண்ணீர் உள்ளே போகுமா? | காரணம் தெரியுமா? | கைக்காசு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| வீடு | ஒழுங்காகச் செய்தால் நன்றாக | தெரியாது, பெரும்பாலும் தேவையும் இல்லை | மிகக் குறைவு | கவனிக்க ஒருவர் கூட இருக்க வேண்டும் |
| மெடிக்கல் 'செட்' | போகாது | தெரியாது | குறைவு | ஆன்டிபயாட்டிக்கால் பேதி கூடலாம், நோய் மறையலாம் |
| தொக்கம் | போகாது | தெரியாது | குறைவு | நேரம் போகும், தொண்டை காயப்படலாம் |
| ஆரம்ப சுகாதார நிலையம் | போகும் | ஓரளவு தெரியும் | இலவசம் | அரை நாள் கூலி, பஸ் |
| தனியார் கிளினிக் | மருத்துவரைப் பொறுத்தது | ஓரளவு முதல் நன்றாக | அதிகம் | தேவையில்லாத ஊசி, டிரிப்ஸ், டெஸ்ட் |
| பெரிய அரசு ஆஸ்பத்திரி | முழுமையாக | முழுமையாக | இலவசம் | ஒரு நாள் முழுக்க, கூட ஒரு ஆள் |

## வீட்டில் பார்த்துக்கொள்வது

என் கணக்கில் பத்தில் பெரும்பாலான பேருக்கு இதுதான் சரியான வழி. ஆனால் "வீட்டில் பார்த்துக்கொள்வது" என்றால் போர்வையைப் போர்த்திப் படுப்பதல்ல. மணிக்கொரு தரம் யாராவது டம்ளரோடு வந்து நிற்பது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுதான் முதல் மருந்து. பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதையும் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை அரை டம்ளரில் கொட்டிக் கலக்குவது தப்பு. உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. 200 மில்லிக்கென்றே சின்னப் பாக்கெட்டும் உண்டு, அளவைப் படித்துப் பாருங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு ஒரு டம்ளருக்குக் குறையாமல் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஸ்பூன் ஸ்பூனாக.

விழுங்க வலிக்கிறதே? இங்கேதான் பாட்டியோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். ஓ.ஆர்.எஸ்.ஸைக் கொஞ்சம் குளிர வைத்துக் கொடுத்தால் தொண்டை வலி குறைந்து குழந்தை கூடுதலாகக் குடிக்கும். குளிர்ச்சியால் வைரஸ் வளராது. அரை மணி நேரம் முன்னால் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, பிறகு டம்ளரை நீட்டினால் இன்னும் சுலபம். குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், அதே இடைவெளி.

தொண்டை வைத்தியமும் வயிற்று வைத்தியமும் மோதும் இடங்கள் சில உண்டு. மிளகுப் பால் தொண்டைக்கு இதம்தான். ஆனால் பேதி போகும் நாட்களில் குடலுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் தெம்பு தற்காலிகமாகக் குறைந்திருக்கும். பெரியவர்கள் பாலை இரண்டு நாள் தள்ளிவைக்கலாம். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. காரமான சுக்கு, மிளகுக் கஷாயம் வயிற்றை மேலும் கலக்கும். அதற்குப் பதில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்துத் துப்புங்கள். அது வயிற்றுக்குள் போவதே இல்லை, ஆகவே சண்டையும் இல்லை. தேன் தொண்டைக்கு நல்லது, ஒரு வயதுக்குள் கூடாது. மோர் தாராளமாகக் குடிக்கலாம்.

சாப்பாட்டை நிறுத்தவே வேண்டாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த தயிர் சாதம் எல்லாம் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. அது மட்டும் போதாது. குளுக்கோஸ் பவுடரில் உப்பே இல்லை. கூல் டிரிங்க்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ். ஒரு லிட்டர் கோலாவில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. அவ்வளவு இனிப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இதே காரணத்தால்தான் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் எதுவும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டது. அட்டை டப்பாவில் ஸ்ட்ரா குத்திக் குடிக்கும் இனிப்புப் பானத்தை நம்ப வேண்டாம்.

குழந்தைக்கு இதோடு ஜிங்க் மாத்திரையும் சேர்த்தால் பேதி சீக்கிரம் நிற்கும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதும் குறையும். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள்; ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் அரசு இலவசமாகத் தருபவை.

எப்போது இது சிறந்தது: வேறு நோய் இல்லாத பெரியவர் அல்லது இரண்டு வயதைத் தாண்டிய சுறுசுறுப்பான குழந்தை, முதல் இரண்டு நாள், குடிக்க முடிகிறது, சிறுநீர் வழக்கம்போல் போகிறது. தனியாக அறை எடுத்துத் தங்கி ஓசூரில் வேலை பார்க்கும் பையன்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்; டம்ளரோடு வந்து நிற்க ஆள் இல்லை. அறை நண்பனிடம் சொல்லிவைப்பது முக்கியம்.

## மெடிக்கலில் 'செட்' மாத்திரை

கடைக்குப் போய் "தொண்டை வலி, லூஸ் மோஷன்" என்று சொன்னால் ஒரு சின்னக் கவர் வரும். பெயர் எழுதாத நாலைந்து மாத்திரைகள். வழக்கமாக அதில் ஓர் ஆன்டிபயாட்டிக், ஒரு வலி மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, பேதியை நிறுத்த ஒன்று. ஆறு வழிகளில் எனக்குப் பிடிக்காத வழி இதுதான், காரணத்தோடு சொல்கிறேன்.

தொண்டைக்கென்று அசித்ரோமைசின் போட்டால் அதுவே பேதியைக் கிளப்பும். வயிற்றுக்கென்று ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் போட்டால் வைரஸ் பேதியில் அது தண்டம். இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. பேதியை நிறுத்தும் லோபெரமைடைக் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது போட்டால் வெளியே போக வேண்டியது உள்ளே தங்கிவிடும். குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. வலி மாத்திரை டைக்ளோஃபெனாக்காகவோ இபுப்ரோஃபெனாகவோ இருந்தால், தண்ணீர் குறைந்த உடம்பில் கிட்னிக்கு அடி. வந்திருப்பது டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்து. நிமசுலைடை 12 வயதுக்குள் கொடுக்க 2011-லிருந்தே இந்தியாவில் தடை இருக்கிறது, இன்னும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். குழந்தைக்கு இருமல் சிரப்பும் சேர்த்து வாங்குவது வழக்கம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த சம்பவத்தில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது தெரியவந்தது. வைரஸ் தொண்டைக்கு அந்த சிரப்பே தேவையில்லை.

பெயர் தெரியாத மாத்திரைகளால் இன்னொரு நஷ்டமும் உண்டு. மூன்றாம் நாள் மருத்துவரிடம் போனால் "என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. டைபாய்டாக இருந்தால், அரைகுறை ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு எடுக்கும் ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராமலேயே போகலாம்.

எப்போது இது சிறந்தது: ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், ஜிங்க் மூன்றையும் பெயர் சொல்லி வாங்க. அதற்கு மெடிக்கல் அருமையான இடம். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ இன்னும் மலிவு.

## தொக்கம் எடுப்பது

சாப்பிட்டது எங்கோ சிக்கிக்கொண்டதால்தான் குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி என்பது நம்பிக்கை. அதை வயிற்றைத் தடவியோ, குழாய் வைத்து ஊதியோ உறிஞ்சியோ, தொண்டைக்குள் விரல் விட்டோ எடுப்பார்கள். குடலில் அப்படி எதுவும் சிக்கி நிற்பதில்லை. பேதி எப்படியும் இரண்டு மூன்று நாளில் நிற்கும் என்பதால், இரண்டாம் நாள் எடுத்த தொக்கத்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

வெறும் தடவலோடு போனால் பெரிய கெடுதல் இல்லை. ஏற்கெனவே புண்ணாக இருக்கும் தொண்டைக்குள் விரலோ குழாயோ போவதுதான் பிரச்சினை: காயம், வாந்தி, இன்னொரு கிருமி. வாந்தி எடுக்க வைத்தால் இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் போகும். வீட்டுப் பெரியவர்களோடு இதற்காக வாதாடி நேரத்தைத் தொலைப்பதைவிட, "வாயில கை வைக்க வேணாம், போற வழியில ஓ.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டே போலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

எப்போது இது சிறந்தது: மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

## ஆரம்ப சுகாதார நிலையம்

இந்த நோய்க்கென்றே செய்துவைத்தது போன்ற இடம், ஆனால் பலர் இதைத் தாண்டிக்கொண்டு டவுனுக்குப் போகிறார்கள். தொண்டையை டார்ச் அடித்துப் பார்க்க, நீரிழப்பை அளவிட, ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் கொடுக்க, தேவைப்பட்டால் டிரிப்ஸ் ஏற்ற, அமாக்சிசிலின் கொடுக்க இங்கேயே முடியும். எல்லாம் இலவசம். இன்னொரு முக்கியமான நன்மை, ஒரே தெருவில் நாலைந்து பேர் பேதியோடு வந்தால் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தண்ணீர்த் தொட்டியைச் சோதித்துக் குளோரின் போடச் சொல்லும் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தனியார் கிளினிக்கில் அந்த நாலு பேரும் நாலு தனித்தனி பில்லாகப் போய்விடுவார்கள்.

குறை நேரம்தான். புறநோயாளிகளைப் பார்ப்பது முக்கியமாகக் காலையில். மதியத்துக்கு மேல் மருத்துவர் இல்லாமல் செவிலியர் மட்டும் இருக்கலாம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் போய்விடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். ஆனால் அது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களுக்கு, திடீர்ப் பேதிக்கு வீடு தேடி வருவதில்லை. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் பழக்கம் இருந்தால் யோசனை கேட்கலாம், அவ்வளவுதான். ராத்திரியில் போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

எப்போது இது சிறந்தது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் முதல் நாளே. மற்றவர்களுக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால், டான்சிலில் வெள்ளை தெரிந்தால், வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால்.

## தனியார் கிளினிக்

சாயங்காலம் திறந்திருக்கும், வேலை முடித்துப் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கு இதுதான் நடைமுறை. பழக்கமான மருத்துவர் என்றால் உங்கள் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் அவருக்குத் தெரியும். அது பெரிய விஷயம். மெட்ஃபார்மின் தானே பேதியைத் தரக்கூடியது. சில பி.பி. மாத்திரைகள் தண்ணீர் குறைந்த உடம்பில் கிட்னியைப் பாதிக்கும். எதை இரண்டு நாள் நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று சொல்ல ஆள் வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

ஃபீஸ் தெரிந்த செலவு. தெரியாத செலவு, நாமே கேட்டு வாங்குவது. "ஊசி போடலையா டாக்டர்?" என்று கேட்டால் பலர் போட்டுவிடுவார்கள். அது டைக்ளோஃபெனாக்காக இருக்கலாம், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் சாயங்காலமே தெம்பாக இருக்கும், உள்ளே நோய் வளர்ந்தாலும் தெரியாது. டிரிப்ஸும் அப்படித்தான். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ்.ஸைவிட டிரிப்ஸ் உசத்தி இல்லை. 500 மில்லி பாட்டிலில் ஏறுவது இரண்டரை டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். "குளுக்கோஸ் ஏத்தியாச்சு" என்ற நிம்மதியில் வீட்டுக்கு வந்து குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் நிஜமான நஷ்டம்.

போலி மருத்துவர் கைது என்ற செய்தி இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் புதிதல்ல. பலகையில் எம்.பி.பி.எஸ்.ஸும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

எப்போது இது சிறந்தது: நீண்டகால நோய்க்கு ஏற்கெனவே பார்க்கும் மருத்துவர் அங்கே இருந்தால், பகலில் விடுப்பு கிடைக்காமல், நாளும் மூன்றைத் தாண்டியிருந்தால். ஆன்டிபயாட்டிக் எழுதினால் "தொண்டைல என்ன பாத்தீங்க?" என்று கேட்பதில் தப்பில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சொல்லி அமாக்சிசிலின் எழுதினால் பத்து நாளும் முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் வால்வுக்கு ஆபத்து.

## பெரிய ஆஸ்பத்திரி, 108

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு 2022-இல் போலுப்பள்ளியில் வந்தது. ஓசூரில் அரசு மருத்துவமனை உண்டு. அவசரத்தில் பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டிய நிலை முன்பு போல் இல்லை. சாதாரணத் தொண்டை வலிக்கு அங்கே போய் வரிசையில் நிற்பது வீண். நாள் முழுக்கப் போகும், வேறொரு கிருமியையும் வாங்கி வரலாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற வழிகளைத் தாண்டி நேராக இங்கேதான்:

- எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலைசுற்றல், குழந்தைக்குக் கண் உள்வாங்கி, அழுதால் கண்ணீர் வராமல், துவண்டு கிடப்பது
- மலத்தில் ரத்தம், அல்லது அரிசி கழுவிய தண்ணீர் போல அடிக்கடி போவது
- எதைக் குடித்தாலும் வாந்தி
- வாயைத் திறக்க முடியாமை, எச்சில் வழிவது, குரல் அடைத்துப் பேசுவது, மூச்சு விடும்போது சத்தம்
- தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து வீக்கம். இது தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம், தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளிடம் முக்கியம்
- காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்று வலி, ரத்தக் கசிவு, தூக்கக் கலக்கம். டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது

மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ரோட்டுக்கு வருவதற்கே நேரமாகும் ஊரில், டவுன்காரரைப் போல "இன்னொரு ராத்திரி பாக்கலாம்" என்று இருக்க முடியாது. சாயங்காலம் சந்தேகம் வந்தால் இருட்டுவதற்குள் கிளம்புவதே சரி. வழி நெடுக ஸ்பூனால் ஓ.ஆர்.எஸ். போய்க்கொண்டே இருக்கட்டும்.

எங்கே போனாலும் இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை, காலியாக இருந்தாலும், ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, ஒரு நாளில் எத்தனை தடவை பேதி, காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்ற மூன்றையும் போனிலேயே குறித்து வைத்துக்கொண்டால், மருத்துவருக்கு வேண்டியதில் பாதி கையில் இருக்கும்.